பாழுங்கிணற்றில் ராஜாவின் குரல்

"அந்தக் கெணத்துல ஒண்ணையும் எறக்காதீங்க சாமி, நல்லபாம்பு கெடக்குது" என்று கிணற்று மேட்டில் நின்ற கிழவி முனியாயி மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

யாரும் இறங்கப் போவதில்லை, ஒலிபெருக்கியையும் மைக்கையும் மட்டும் கயிற்றில் விடுவோம் என்றார் சவுரியப்பன். சேலத்து சினிமாக் கம்பெனி ஒன்றின் ஒலிப்பதிவாளர் அவர். எதிரொலி அடங்க ஸ்டுடியோச் சுவரெல்லாம் சாக்கு தொங்கியதால், தர்பாரில் ராஜா கர்ஜிக்கும் வசனம் போர்வைக்குள் பேசினாற்போல் பதிந்திருந்தது.

அதைக் கிணற்றுக்குள் ஒலிக்கவிட்டு, கல்சுவரில் மோதி வரும் முழக்கத்தோடு மறுபடி பதிய வேண்டும். அதற்காகவே ஏரியூர்ப் பக்கம் இந்தத் தண்ணீரில்லாத கிணற்றைத் தேடிப் பிடித்திருந்தார்.

பாம்புக்குப் பயப்படுகிறவள் கிணற்று மேட்டைவிட்டு நகராதது அவருக்கு உறுத்தியது. புதையல் கிதையல் வைத்திருக்கிறாளோ என்றுகூட நினைத்தார்.

அவரையோ போலீஸ் ஏட்டு சந்தேகப்பட்டார். வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லிப் போராட்டம் நடந்த நாற்பத்திரண்டாம் வருஷத்துக் கடைசி அது. ஒயரும் பெட்டியுமாக வந்த வண்டியை வழியில் நிறுத்தியவர், தானும் ஏறிக்கொண்டு கூடவே வந்துவிட்டார்.

"ரயில் ரோட்டுல தந்திக் கம்பிய அறுத்தவன் இன்னும் ஆப்புடல. ஒங்க வண்டியில பாத்தா எல்லாம் கம்பியாத்தான் இருக்குது" என்றார்.

சவுரியப்பன் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ராஜாவின் குரல் கிணற்றுக்குள் எழுந்து, சுவருக்குச் சுவர் மோதிப் பெருகியது. நினைத்ததைவிட நன்றாகவே வந்தது.

வசனம் முடிந்து முழக்கம் அடங்கிய பிறகும் ஹெட்போனைக் கழற்றாமல் கேட்டார். பிறகு நிமிர்ந்து முனியாயியைப் பார்த்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதிந்ததை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து போட்டுக் காட்ட வேண்டும், அதில் என்ன இருக்கிறதென்று தான் கேட்காமல் விடமுடியாது என்றார் ஏட்டு.

சவுரியப்பன் சத்தம் பதிந்த பிலிம் பெட்டியை அந்த வெயிலிலேயே திறந்தார். சுருளை முழம் முழமாக இழுத்துத் தரையில் போட்டார்.

"சிக்கிக்கிச்சுங்க. வெளிச்சம் பட்டுடுச்சு, இனி ஒண்ணும் தேறாது. கெணறும் சரியில்லீங்க, வேற எடம் பாக்கணும்."

ஏட்டு பிலிமைத் தூக்கிப் பார்த்தார். வெறும் சுருளாகத்தான் இருந்தது. அரை நாள் வீணாய்ப் போயிற்று என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியில் போய் உட்கார்ந்தார்.

வெறுங்கையோடு போனால் முதலாளி என்ன சொல்வாரோ என்ற கவலையோடு சவுரியப்பன் கயிற்றைச் சுருட்டினார். முனியாயி பக்கத்தில் வந்து நின்றாள்.

அவர் தலையை நிமிர்த்தாமல், தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கீழ இருக்கறவருக்கு இருமலுக்குக் கசாயம் வெச்சுக் குடுங்க ஆத்தா."