நாற்பது பக்க வழக்கம்

"இது ஆராய்ச்சியா, கட்டுக்கதையா?"

பேராசிரியர் மேஜையில் விட்டெறிந்த வேகத்தில் கோப்பு பிரிந்து கிடந்தது. நாலாம் அத்தியாயம். நாற்பது பக்கம்.

"'இந்த நூற்பாலைக் குடியிருப்பில் யாரும் தனியாகச் சாப்பிடுவதில்லை. அது அவர்களின் எழுதாத சட்டம்.' நீ எழுதினதுதானே?"

"ஆமா சார். எட்டு மாசம் அங்கேயே தங்கி, கண்ணால பார்த்தது. தினம் ஒரு வீட்டுல நானே சாப்பிட்டிருக்கேன்."

"நேத்து நான் போனேன். யாருன்னு சொல்லிக்காம பன்னிரண்டு வீட்டுல விசாரிச்சேன். ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவங்க அவங்கவங்க பாட்டுக்குத்தான் சாப்பிடுறாங்க. அப்படி ஒரு வழக்கமான்னு கேட்டுச் சிரிக்கிறாங்கம்மா!"

ஆய்வு மாணவி கோப்பை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

நேரே பஸ் ஏறினாள். அந்த எட்டு மாதமும் அவளுக்குப் பக்கத்து வீடு, வைண்டிங் அக்கா. ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் வேலை. கதவு திறந்தே இருந்தது. முடியில் ஒட்டிய பஞ்சோடு அக்கா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

தனியாக.

"வா பாப்பா! ஏன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"இந்த லைன் வீடுகள்ல யாரும் தனியா சாப்பிடக் கூடாது, அது எங்க வழக்கம்னு சொன்னீங்களே... பொய்யா அக்கா?"

அக்காவின் கை தட்டிலேயே நின்றது.

"பொய்தான்."

"எல்லாரும் சேர்ந்தா? என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்களே! என் படிப்பே போச்சு!"

"ஐயையோ, படிப்புல போய் இடிக்கும்னு சத்தியமா தெரியாதும்மா." அக்கா பதறி எழுந்தாள். "நீ குடிவந்தப்போ உங்கம்மா செத்து இருபது நாள்கூட ஆகலை. நீ ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. ஆனா நடுவுல ஒத்தைச் சுவர்தானே? போன்ல உங்கப்பாகிட்ட நீ அழுததெல்லாம் இங்க கேட்டுச்சு. நாலு நாளா உன் வீட்டுல அடுப்பே எரியலை."

அவள் வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட வான்னு... கூப்பிட்டிருக்கலாமே அக்கா?"

"கூப்பிடாமலா? பசிக்கலைன்னு கதவைச் சாத்திக்கிட்டே. 'எங்க வழக்கம்'னு சொன்ன பிறகுதானே, நோட்டைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தே!"