கடைசி இரண்டு அடி

"என்னைத் தோற்கடிக்க இந்த உலகத்துல ஒருத்தன் பொறக்கலை!"

காலை எட்டு மணிக்கே ஆரம்பித்துவிட்டார் புயல். ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி தள்ளுகிற வேலை. கழுத்தில் எந்நேரமும் தங்கப் பதக்கம். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்ததாம். புயல் என்கிற பட்டம்கூட அவரே வைத்துக்கொண்டதுதான்.

வார்டுக்குப் புதிதாக வந்த பிசியோ மேடத்துக்கு இந்த அலட்டல் அறவே பிடிக்கவில்லை. டீ நேரத்தில் ஸ்டெதாஸ்கோப்பை மாலையாகப் போட்டு, நெஞ்சை நிமிர்த்தி, அதே கரகரக் குரலில், "அன்னிக்கு நான் ஓடின ஓட்டத்துல காத்துக்கே மூச்சு வாங்குச்சு சிஸ்டர்!" என்று எடுத்துவிடுவாள். நர்ஸுக்கு டீ புரையேறும்.

பெரிய டாக்டரிடம் புகாரும் சொல்லிப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த பழைய பதக்கத்தைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் பொறுத்துப் பாரும்மா" என்றார்.

'ஓஹோ, இவரும் ஓட்டக்காரரா! அதான் கட்சி கட்டுறார்.'

அன்றைக்கு அவளுக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. ஏழாம் படுக்கை டெய்லரம்மா, முட்டி ஆபரேஷன் முடிந்து பத்து நாளாகியும் காலைத் தரையில் வைக்க மறுத்தார்.

"இப்படியே படுத்திருந்தா முட்டி இறுகிடும்மா. அப்புறம் தையல் மிஷினை மறந்துட வேண்டியதுதான்."

"உயிர் போகுதும்மா. என்னை விட்டுடு."

கெஞ்சினாள். மிரட்டினாள். ம்ஹூம்.

வாசலில் புயலின் தலை நீண்டது.

"விடுங்க மேடம். இந்தம்மாவுக்கு எங்கே மிதிச்சுப் பழக்கம்? மோட்டார் மிஷினா இருக்கும்."

"எவன்டா அவன்!" டெய்லரம்மா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "வருஷக்கணக்கா மிதிச்ச காலுடா இது! எடும்மா அந்த வாக்கரை!"

"அந்த ஜன்னல் வரைக்கும் ரேஸ். நானும் வாக்கர்லதான் வருவேன். ஜெயிச்சா பதக்கம் உங்களுக்கு!"

நோயாளியோடு ரேஸா! மனசுக்குள் புயலைத் திட்டித் தீர்த்தபடி, பிசியோ டெய்லரம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

டக்... டக்... டக்...

"விடாதீங்க டெய்லரம்மா!" படுக்கைகளிலிருந்து ஒரே கூச்சல்.

ஜன்னலுக்கு இன்னும் இரண்டே அடி. முன்னால் போன புயல் தொடையைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

"ஐயோ, பழைய காயம்!"

டெய்லரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டிப் போய் ஜன்னலைத் தொட்டார். வார்டே விசிலடித்தது.

புயலின் முகம் தொங்கிப்போனது. பதக்கத்தைக் கழற்றி டெய்லரம்மா கழுத்தில் போட்டார்.

"வாழ்க்கையிலேயே மொதத் தோல்விம்மா."

பிசியோவுக்கே பாவமாகிவிட்டது. மனுஷனிடம் இருந்தது அது ஒன்றுதானே! ஆறுதல் சொல்ல ஸ்டோர் ரூமுக்குப் போனாள்.

அங்கே புயல் சீட்டியடித்தபடி, புத்தம்புதுப் பதக்கம் ஒன்றுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா. டப்பா நிறையப் பதக்கங்கள்.

"என்னண்ணே இது! எல்லாம் கடையில வாங்கினதா? அப்போ ஓட்டப்பந்தயம், தங்கம் எல்லாம் புருடாவா?"

"ஐயையோ, அது சத்தியம் மேடம்! நிஜப் பதக்கம் மொத ரேஸ்லயே போயிடுச்சு. பைக்ல விழுந்து, இனி நடக்கவே மாட்டேன்னு சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒரு காலேஜ் பையன்கிட்ட தோத்துட்டேன்."

நாடாவை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"அவர்தான் இப்போ நம்ம பெரிய டாக்டர். தினமும் தொடச்சுத்தான் வச்சிருக்காரு."