மூன்றாம் நாற்காலி

மூன்றாம் நாற்காலியில் இருந்த கிழவர் தனக்குக் கறுப்புக் குண்டுதான் போடப்போகிறார் என்பது ஃபின்லேவுக்கு நிச்சயமாகிவிட்டது. அவன் உள்ளே வந்ததிலிருந்து மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. சன்னலுக்கு வெளியே குதித்துக்கொண்டிருந்த கடலையே வெறித்துக்கொண்டிருந்தார்.

ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சகோதரர் சபையில் சேர வருகிறவனை முதலில் மூன்று பேர் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். அதில் ஒருவர் முகம் சுளித்தாலும் போச்சு; பிறகு வாக்குப் பெட்டியில் வெள்ளைக் குண்டுகளுக்கு நடுவே கறுப்பு விழும், கதவு சாத்திக்கொள்ளும். அந்தச் சின்ன மீன்பிடி ஊரில் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வான்?

"இந்த மேசைக்கு முன்னால யார், எவர்னு நாங்க பாக்கமாட்டோம். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்," என்று ஆரம்பித்தார் மக்ரே. ஊரில் முடி வெட்டுகிறவர். இங்கே அவர்தான் தலைமை. "கடவுள் இருக்கார்னு நம்புறியா தம்பி?"

"நடுக்கடல்ல, எண்ணெய் எடுக்கற மேடையில வேலை பாத்தவன் நான். நம்பாம இருக்க முடியுமா ஐயா?"

"வீட்டுக்காரம்மா சம்மதிச்சாங்களா?" இது ரொட்டிக்கடை ஆர்ச்சி.

"அவதான் துரத்திவிட்டா. மாசத்துல ஒரு நாளாவது வீடு நிம்மதியா இருக்கட்டுமாம்."

ஆர்ச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். கிழவர் சிரிக்கவில்லை.

தேநீர் வந்தது. கை சும்மா இருக்கமாட்டாமல் ஃபின்லே கிழவரின் கோப்பையை இழுத்தான். மூன்று சர்க்கரைக் கட்டிகளைப் போட்டுக் கலக்கி அவர் பக்கம் தள்ளினான்.

"ஏம்ப்பா, ஐஸ் வைக்கிறியா?" என்று ஆர்ச்சி சீண்டினார். "எனக்கும் ரெண்டு போடு, என் ஓட்டும் உனக்குத்தான்!"

கிழவர் அதை எடுத்துக் குடித்தார். காற்று கண்ணாடியைப் பிடித்து உலுக்கியது.

மக்ரே தொண்டையைக் கனைத்தார். "நீ இருக்கறது அபர்டீன் பட்டணத்துல. அங்க சபைக்கா பஞ்சம்? பஸ் ஏறி வந்து இங்கதான் சேரணும்னு என்ன? அதுவும் நாப்பது தாண்டினப்புறம்?"

இந்தக் கேள்விக்குத்தான் ஃபின்லே பயந்துகொண்டிருந்தான்.

"இங்க எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார். அவரா என்னைக் கூப்பிடுவார்னு இருபது வருஷம் காத்திருந்தேன். என் வயசுப் பசங்க ஒவ்வொருத்தனா உள்ள போனாங்க. என்னை மட்டும் அவர் கூப்பிடவே இல்ல." "இவன் லாயக்கில்லன்னு முடிவு பண்ணிட்டார் போலன்னு ரோஷம். ஊர்ப்பக்கம் வர்றதையே விட்டுட்டேன். 'வேண்டாம்கறதையாவது நேர்ல கேட்டுட்டு வந்து தொலை'ன்னா என் பொண்டாட்டி. வந்துட்டேன்."

ஆர்ச்சியின் சிரிப்பு அடங்கிவிட்டது. மக்ரே மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அட பைத்தியக்காரா," என்றார் மெதுவாக. "நாங்க யாரும் யாரையும் கூப்பிடக்கூடாதுப்பா. அதுதான் எங்க சட்டம். சேரணும்னு ஆசை இருக்கறவன்தான் வாயைத் திறந்து கேக்கணும். எவ்வளவு வேண்டியவனா இருந்தாலும், நாங்களா ஜாடைகூடக் காட்டமுடியாது. நீ வந்து கேப்பேன்னு அவரும்தானே காத்துக்கிட்டு இருந்திருப்பாரு!"

ஃபின்லே கிழவர் பக்கம் திரும்பினான். இருபது வருஷமா? இதற்காகவா?

மூன்றாம் நாற்காலி கிரீச்சிட்டது. கிழவர் எழுந்து, மேசையைப் பிடித்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றார். மடங்கிக் கிடந்த அவனுடைய கோட்டுக் காலரை இழுத்துச் சரிசெய்தார்.

"எந்திரிடா. அம்மா வாசல்லயே நின்னுக்கிட்டிருப்பா."