சட்டை

அவள் ஒரு வரியையும் மாற்ற மாட்டேன் என்றாள்.

இயக்குநர் ஹார்லன் கைப்பிரதியை மேசைமேல் போட்டார்.

"எதுகையும் இல்ல, அழுகையும் இல்ல. ஜனங்க எதுக்கு வரணும்?"

1916. மாசசூசெட்ஸ் கடற்கரை. ஒரு பழைய மீன் கிடங்குதான் நாடகக் கொட்டகை. கவிதையில் அவள் எழுதிய முதல் நாடகம்.

கடலுக்குப் போன ஒருவன் திரும்பவில்லை. கடைசிக் காட்சியில் அவன் மனைவி அவனுடைய சட்டையைத் துவைக்கிறாள். பிழிகிறாள். கொடியில் போடுகிறாள்.

அழுவதில்லை.

அழாமல் நடித்தால் தன்னைக் கல்நெஞ்சுக்காரி என்பார்கள் என்றாள் கதாநாயகி வினிஃப்ரெட். மதியம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டாள்.

நாடகத்தை ரத்து செய்துவிடலாம் என்றார் ஹார்லன்.

நாடகத்தை எழுதியவளே, வினிஃப்ரெட் கழற்றிப் போட்ட உடையை எடுத்து மாட்டிக்கொண்டாள். இடுப்பில் தொளதொளத்தது. ஊசி குத்தி இறுக்கினாள்.

நான்கு மணிக்குத் திரை விலகியது.

அவள் கணவன் கடலில் போனவன் அல்ல. பாஸ்டனில், காய்ச்சலில் போனவன். அது இங்கே யாருக்கும் தெரியாது. நாடகத்தில் மற்றதெல்லாம் கற்பனை.

சட்டை மட்டும் நிஜம்.

கடைசிக் காட்சி. வாளித் தண்ணீர் சில்லென்றிருந்தது. முன்வரிசையில் யாரோ செருமினார்கள். பின்னால் ஒருவன் சிரித்தான். நாற்காலிகள் நகரும் சத்தம். இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது.

இன்னும் பலமாகப் பிழிந்தாள்.

உதறிக் கொடியில் போட்டாள். சுருக்கம் நீவினாள்.

திரை விழுந்தது. ஒருவரும் கைதட்டவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு துக்கக் கருப்பு உடையில் ஒரு பெண் மேடையோரம் வந்து நின்றாள். உள்ளூர்க்காரி. மீன் அரிந்து அரிந்து தழும்பேறிய விரல்கள்.

"எத்தன நாள் கழிச்சுத் தொவச்சீங்க?"

நாடகத்தில் அது இல்லை.

"நாப்பத்தோரு நாள்."

அந்தப் பெண் மெல்ல விரல் மடக்கினாள். உதடுகள் அசைந்தன.

"அப்ப எனக்கு இன்னும் நாள் இருக்கு," என்றாள்.

கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வெயிலில் இறங்கி நடந்தாள்.