படகின் நிழல்

இன்றைக்கு நான்காவது தடவையாக வழிகாட்டி அதே பாட்டைப் பாடுகிறார்: "தொடாதீங்க, துரத்தாதீங்க, அது கிட்ட வந்தா நீங்க விலகிக்குங்க." தொண்டை கட்டிப்போய்விட்டது. எஞ்சின் அணைந்த படகு வெயிலில் சும்மா ஆடுகிறது. முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிய பயணிகள் குப்புற மிதக்க, அவர்களுக்குக் கீழே பேருந்து நீளத்தில் ஒரு திமிங்கலச் சுறா அவசரமே இல்லாமல் நகர்கிறது. முதுகுப் புள்ளிகளுக்கு நடுவே மூன்று வெள்ளைத் தழும்புகள். ஒரு பெண் தலையைத் தூக்குகிறாள்.

"அண்ணா, அது முதுகுல என்ன வெட்டு?"

"ஏதோ படகோட எஞ்சின் விசிறி பட்டிருக்கும்மா."

உப்புக் காய்ந்த விரல்களால் எஞ்சின் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். ஏழு வருடத்துக்கு முன் இதே இடத்தில் எஞ்சினை அணைக்க மறந்ததும் இந்த விரல்கள்தான். சுறா மெல்லத் திரும்பி, நிழலுக்கு அவர் படகின் அடியிலேயே வந்து ஒதுங்குகிறது.