ராஜாங்கத்தின் புஜம்

ராஜாங்கத்தின் புஜத்தைத் தொட்டுப் பார்க்கவே சுரங்க மேட்டில் நாலு பேர் காத்திருந்தார்கள். உள்ளே தேங்காய் வைத்துத் தைத்தது போல அது புடைத்திருந்தது.

"மண்கூடையைத் தலையில வச்சிகினு ரொம்ப நேரம் நிக்கறவன்தான் இனிமே மேஸ்திரி," என்றார் கான்ட்ராக்டர்.

கூட்டத்தில் வழி அடைபட்டதால் மண் சுமக்கும் பெண்களும் நின்றுவிட்டார்கள்.

"நீயும் வர்றியா?" என்று அவர்களில் ஒருத்தியாக நின்ற மனைவி செங்கமலத்தைச் சீண்டினான் ராஜாங்கம். "முருங்கைக்காய் மாதிரி கை. இதுக்கெல்லாம் சதை வேணும்டி."

"நீங்க நில்லுங்க, நான் பார்த்துகினு இருக்கேன்," என்று அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

கால் மணி நேரத்தில் இரண்டு பேர் கூடையைப் போட்டார்கள். அரை மணியில் மற்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். ராஜாங்கம் இரண்டு கையாலும் கூடையை இறுக்கிப் பிடித்து, கழுத்து நடுங்க முக்கால் மணி நின்று ஜெயித்தான்.

கழுத்தில் போட்ட வெற்றி மாலையோடு மனைவியிடம் வந்தான். "பார்த்தியா?"

"பார்த்தேங்க. என் தலையில இருக்கற மண்கூடையை இறக்க ஒரு கை குடுங்க. உங்க போட்டிக்கு முன்னாடி ஏத்தினது."

ராஜாங்கம் முயன்று பார்த்தான். கை தோளுக்கு மேல் எழவில்லை.

"இருக்கட்டும் மேஸ்திரி, மாலை கசங்கிடும்," என்றாள் செங்கமலம். "நானே நடந்துபோய்க் கொட்டிட்டு வந்துடறேன்."