சிறுநீரகம் என்ன பல்லா?

மார்ச் பதினொன்று. என் மகள், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்கான மாத்திரைகளை விழுங்குவதாக நடித்து என்னை ஏமாற்றுகிறாள். இதுவே என் புகார்.

"மூட்டு வலி இல்ல, முகத்துல சிவப்பு இல்ல. நல்லா இருக்கறவளுக்கு எதுக்குப்பா மாத்திரை?"

"வலிச்சுக் காட்டறதுக்குச் சிறுநீரகம் என்ன பல்லா? அது சத்தமில்லாம கெட்டுப்போகும்டி!"

"வாத்தியார் மாதிரி உயிரை எடுக்காதீங்க."

"நான் வாத்தியார்தானே!"

இன்று அவளை மருத்துவமனை ஆய்வகத்துக்கு இழுத்துச் சென்று சிறுநீரைச் சோதிக்கச் செய்தேன். முடிவைப் பார்த்த ஆய்வகப் பெண்ணின் முகம் சுருங்கியது.

"புரதம் கசியுது மேடம். நோய் கிட்னியில கை வச்சிருச்சு. இப்பவே கவனிச்சா காப்பாத்திடலாம். இத நான் உங்களுக்கா சொல்லணும்?"

மகள் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, நோயாளிகள் காத்திருந்த எதிர் அறைக்குள் நுழைந்தாள். கதவில் அவள் பெயருக்குக் கீழே, 'சிறுநீரக மருத்துவர்' என்று பிழையின்றி எழுதப்பட்டிருந்தது.

வாசகரே, நீங்கள் அவளிடம் சிகிச்சை பெறுபவரானால், மாத்திரையை மறந்ததற்காக அவள் உங்களைத் திட்டத் தொடங்குமுன், "டாக்டர், நீங்க போட்டாச்சா?" என்று கேளுங்கள். அவள் உங்கள் கண்ணெதிரே விழுங்கும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.